காயாத துணியோடு உலகைச் சுற்றியவர்கள்

பம்பாய்த் தச்சர்கள் தேக்கில் கட்டிய 32 அடிப் பாய்மரப் படகு 'சுஹைலி'. 1964 டிசம்பரில் தண்ணீரில் இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968 ஜூன் 14 அன்று அதில் தன்னந்தனியாக இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து புறப்பட்டார். எங்கும் கரை தொடாமல் உலகைச் சுற்றி வரவேண்டும். 'கோல்டன் குளோப்' என்று அந்தப் பந்தயத்துக்குப் பெயர்.

தென் அட்சரேகை 40 பாகையைத் தாண்டினால் மேற்குக் காற்றை மறிக்க நிலம் அநேகமாக இல்லை. அலை மலையாக எழும். அதைவிடக் கொடியது ஈரம். கடல்நீரில் நனைந்த துணியில் உப்பு தங்கிவிடுகிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் துணி காய்வதேயில்லை. உரசும் இடமெல்லாம் புண். தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். கார்த்திகை மழையில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் வருபவர் ஓர் இரவு நனைவார். வீட்டில் மாற்றுத்துணி இருக்கும். கடலோடிக்கு ஈரப் படுக்கைதான், அதுவும் மாதக்கணக்கில்.

1968 செப்டம்பரில் ஒரு பேரலை சுஹைலியைப் பக்கவாட்டில் கவிழ்த்தது. படகு நிமிர்ந்துகொண்டது. ஆனால் அறையின் கூரை அசைந்து விரிசல் விட, அதன்பின் ஒவ்வோர் அலையும் உள்ளே சொட்டியது. தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டுப்போனதால் மழைநீரைப் பிடித்துக் குடித்தார். ரேடியோவும் பழுது. நவம்பரில் நியூசிலாந்துப் பக்கம் கண்ணில் பட்டவர், அடுத்த ஏப்ரல் வரை உயிரோடு இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியவில்லை. 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பிறகு, ஃபால்மத்தில் கரையேறினார். புறப்பட்ட ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே. பம்பாய்த் தேக்குக்கும் அந்தத் தச்சர்களுக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு.

பந்தயத்தின் 50-ஆம் ஆண்டில், பழைய காலக் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டவேண்டும் என்ற விதியோடு அதை மறுபடி நடத்தினார்கள். சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டிய 'துரியா'வில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி போனார். 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் பாய்மரம் ஒடிந்தது. அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தவரை மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' மீட்டது. அத்தனை வலிக்குப் பிறகும் 2022-இல் மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார். இந்த மன உறுதியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

அதே கடலை ஒரு தமிழ்நிலத்துப் பெண்ணும் கடந்திருக்கிறார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கோழிக்கோட்டின் தில்னாவோடு 'தாரிணி' படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார். அது பந்தயமல்ல; நான்கு துறைமுகங்களில் நின்றுதான் போனார்கள். குளிரும் காற்றும் அதற்காகக் குறையவில்லை. கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள்.

நம் பாடநூல்களில் மெகல்லன் இருக்கிறார். ரூபாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கடலோரப் பள்ளிகளின் பிள்ளைகள் அதை முதலில் படிக்கட்டும்.