கருவி இல்லாத பிள்ளைக்கு வகுப்பறை எது?

இணையவழிக் கல்வியா, வகுப்பறைக் கல்வியா என்ற விவாதத்தில் கருவியை யார் வாங்கித் தருவது என்ற கேள்வி எழுவதேயில்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டினரிடமே கணினி இருந்தது.

வகுப்பறையைப் புனிதமாக்க நாங்கள் முன்வரவில்லை. கடைசி வரிசையும் தனித் தட்டும் அங்கேதான் இருந்தன. ஆனால் அங்கே வருகைப் பதிவேடு உண்டு, பதில் சொல்லத் தலைமையாசிரியர் உண்டு. வீட்டில் இல்லாத கைபேசிக்கு எவர் பொறுப்பு?

தொடக்கக் கல்வியை முடிக்கவிடாமல் தடுக்கும் எந்தக் கட்டணமும் செலவும் குழந்தைமீது சுமத்தப்படலாகாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு. 12(1)(சி) பிரிவின்கீழ்த் தனியார் பள்ளிகளில் சேர்ந்த, பட்டியல் சாதியினர் உள்ளிட்ட மாணவர்களுக்குக் கருவியும் இணைய இணைப்பும் இலவசமாக வழங்குமாறு 2020 செப்டம்பர் 18 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பின்னர் அக்டோபரில், இணைய ஏற்றத்தாழ்வின் விளைவுகள் கடுமையானவை என்று கூறி, திட்டம் வகுக்குமாறு டெல்லி அரசைப் பணித்தது. பள்ளிகள் மூடப்பட்டு அப்போது ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது.

இணைய வகுப்பு நடத்தும் பள்ளியிடம் 3(2) பிரிவைச் சுட்டிக் கருவியை எழுத்துமூலம் கேளுங்கள் என்றே பெற்றோரிடம் சொல்லிவருகிறோம். மறுப்பையும் எழுத்திலேயே வாங்குங்கள்.