வட்டப் பரப்பு: விதியும் நிறுவலும்

வட்டத்தின் பரப்பைக் காண்பதற்கு விட்டத்தின் பாதியைப் பரிதியின் பாதியாற் பெருக்குதல் வேண்டும் என்னும் விதி, காரிநாயனார் இயற்றியதாகக் கூறப்படும் கணக்கதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. பெருக்கி வந்த தொகையை அந்நூல் குழி என்கின்றது. நில அளவையில் வழங்கிய சொல் அது. 7 முழ விட்டமும் 22 முழப் பரிதியும் உடைய நெற்களமொன்றை எடுத்துக்கொண்டால், மூன்றரையைப் பதினொன்றாற் பெருக்க 38½ சதுர முழம் கிடைக்கும். பை என்னும் மாறிலி இங்கு வெளிப்பட வருவதேயில்லை. பரிதியைக் கயிறிட்டு அளந்துகொண்டாற் போதும்.

இவ்விதியைத் தமிழர்க்கே உரியதெனப் பெருமை பேசுதல் பொருந்தாது. சீனரின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் கணித நூலும் கி.பி. 499 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபடீயமும் இதனையே கூறுகின்றன. பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்திலேதான் அவை வேறுபட்டன. சீன நூல் அதனை 3 எனக் கொண்டது. ஆரியபடரோ 20000 விட்டத்துக்கு 62832 பரிதி எனக் கூறி, அதுவும் அண்ணளவே என்று குறித்தார். விகிதம் திருந்தியபோதும் விதி மாறவில்லை.

ஆயின், விதி சரியானதென்பதற்குச் சான்று யாது? வட்டப் பரப்பைக் கூறும் அதே சுலோகத்தில் ஆரியபடர் கோளத்தின் கனவளவையும் கூறுகின்றார். வட்டப் பரப்பை அதன் வர்க்கமூலத்தாற் பெருக்குக என்பது அவ்விதி. அவ்வாறு பெறும் கனவளவு உண்மையினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மிகையானது. முற்பாதி முற்றிலும் சரி, பிற்பாதி பிழை. எனினும் இரண்டும் ஒரே உறுதியுடனேயே ஒலிக்கின்றன. மனனஞ் செய்யும் மாணாக்கன் இவற்றை எங்ஙனம் பிரித்தறிவான்?

பாசுகரரின் லீலாவதிக்கு 1545 இல் உரைகண்ட கணேசர் காரணத்தைக் கண்முன் காட்டினார். வட்டத்தை இரு பாதிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒடுங்கிய துண்டுகளாக வெட்டி, பல்லோடு பல் பொருந்துவதுபோற் கோத்தால் ஒரு செவ்வகம் தோன்றும். நீளம் அரைப்பரிதி, அகலம் ஆரை. துண்டுகள் சிலவாயின் நீண்ட ஓரங்கள் அலைபோல் வளைந்தே நிற்கும். அவை பெருகுந்தோறும் வளைவு குறையும்.

எஞ்சும் அவ்வளைவையும் விட்டுவைக்காதவர் கி.மு. 3 ஆம் நூற்றாண்டினரான ஆக்கிமிடீசு. ஆரையையும் பரிதியையும் செங்கோணத்தை அடக்கும் பக்கங்களாகக் கொண்ட முக்கோணியின் பரப்பே வட்டத்தின் பரப்பு என்பது அவர் கூற்று. வட்டப் பரப்பு அம்முக்கோணியினும் பெரிதென முதலிற் கொண்டு, உள்வரைந்த பல்கோணியால் அதனை முரண்பாடாக்கினார். சிறிதெனக் கொண்டபோது, புறத்தே வரைந்த பல்கோணி அதனையும் மறுத்தது.