கிருமியோடு சேர்ந்து வந்தவை

இராணிப்பேட்டை மாவட்டத்தைத் தோல் தொழிலுக்காக அறியாதவர் இல்லை. அந்தத் தோலைத் தந்த மாடுகளைக் காக்க 1932இல் இராணிப்பேட்டையில் சீரம் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டதையும், அதுவே இன்றைய கால்நடை நோய்த் தடுப்பு மருத்துவ நிலையம் என்பதையும் அறிந்தவர் குறைவு. அன்று மாடுகளை மந்தை மந்தையாக வீழ்த்தியது வெக்கை நோய். நோயுற்ற மாட்டின் ரத்தத்தையும், நோய் எதிர்ப்பு பெற்ற மாட்டின் சீரத்தையும் ஒருசேரச் செலுத்துவது பழைய தடுப்பு முறை. நோய் தடுக்கப்பட்டது, ஆனால் அந்த ரத்தத்திலிருந்த உண்ணிக் காய்ச்சல் ஒட்டுண்ணிகளும் நல்ல மாட்டுக்குள் புகுந்தன. 1920களில் முக்தேஸ்வர் கால்நடை ஆய்வகத்தில் ஜே.டி. எட்வர்ட்ஸ் வெக்கை நோய் வைரஸை ஆடுகளில் வளர்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்: மாட்டின் அந்த ஒட்டுண்ணிகள் ஆட்டில் வாழா. ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஆடுகளைக் கடந்ததில் வைரஸின் வீரியமும் குறைந்தது. ஆட்டுத் திசுத் தடுப்பூசி அப்படித்தான் பிறந்தது. தடுப்பு மருந்தின் வரலாற்றில் வைரஸை வளர்த்ததைவிட, அதனோடு சேர்ந்து வந்தவற்றை விலக்கியதே பெரிய வேலை என்பேன்.

அரைத்த ஆட்டுத் திசுவே கோடிக்கணக்கான மாடுகளைக் காத்ததே, பிறகு சுத்தம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1954இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் அந்த ஊசியை நம்பித்தான் இறங்கியது. பின்னர் பிளவ்ரைட் என்ற ஆய்வாளர் உருவாக்கிய செல் வளர்ப்பு ஊசியிலும் வைரஸைத் தனியே பிரித்தெடுக்கவில்லை. வளரும் இடத்தைத்தான் சுத்தமாக்கினார்கள். இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995இல், இராணிப்பேட்டை அடங்கிய இதே வட ஆற்காட்டுப் பகுதியில் பதிவானது. ஆனால் மாட்டுக்குப் போதுமானது மனிதருக்கும் போதும் என்று வாதிட முடியாது. 1911இல் கசௌலியில் செம்பிள் உருவாக்கிய வெறிநாய்க்கடி மருந்து, விலங்கு மூளையை அரைத்துச் செய்தது. அதிலிருந்த நரம்புத் திசுவைப் பகையென்று எண்ணிய உடல் தன் நரம்பையே தாக்கியதால் சிலர் முடங்கினர், சிலர் இறந்தனர். கடித்த நாயிடமிருந்து தப்பியவரை மருந்திலிருந்த குப்பை வீழ்த்தியது கொடுமை. இந்தியாவில் அதன் உற்பத்தி 2004இல்தான் நின்றது.

இன்று இந்த விலக்கும் வேலை மரபணு சிகிச்சையில் இன்னும் கடுமையான வடிவில் வந்து நிற்கிறது. வேலூர் சி.எம்.சி.யில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் 5 பேரின் குருதி மூல செல்களை வெளியே எடுத்து, மரபணுவைச் சுமந்து செல்லும் லென்டிவைரஸ் மூலம் உறைகாரணி மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்திய முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. இத்தகைய வைரஸ்கள் செல்களில்தான் வளர்க்கப்படுகின்றன. அந்தச் செல்களின் டி.என்.ஏ., புரதம், மரபணு ஏறாத வெற்றுத் துகள்கள் எல்லாம் கூடவே வரும். வடிகட்டியும், பிரிப்புத் தூண்களில் ஓடவிட்டும், தேவைப்பட்டால் அதிவேக மையவிலக்கியில் சுழற்றியும் அவற்றை நீக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் நல்ல வைரஸும் கொஞ்சம் வீணாகும், விலை ஏறும். அந்தச் செலவைக் குறைக்க வழி தேடலாம், படியைத் தவிர்க்க வழி தேடக் கூடாது. இவ்வட்டாரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் தோல் பதனிடும் தொட்டிகளுக்குத் தரும் இடத்தை இந்த வேலைக்கும் தர வேண்டும்.