கவுன்டருக்கு முன்னால் சொல்லாத சொல்

வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறை. பல்வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த எங்கட நண்பன் ஒருத்தன், பிறந்தநாள் பார்ட்டியில் ரெண்டு கிளாஸ் பியர் குடித்தான். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி. விடியத் தேறிவிட்டான். பிறகுதான் பாமசியில் குடுத்த கடுதாசி உறையைப் பார்த்தோம். மெட்ரோனிடசோல். மூன்று வேளை என்று பேனையால் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது, அவ்வளவுதான். குடிக்கிறனியோ எண்டு அங்க ஒருத்தரும் கேக்கேல்லை. அவனும் சொல்லேல்லை.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தபோதுதான் இதன் பழைய கதைகளைத் தேடினோம்.

1937இல் அமெரிக்கத் தொழிற்சாலை வைத்தியர் ஒருவர், றப்பர் பதப்படுத்தும் இரசாயனத்தோடு வேலை செய்தவர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போவதைக் கவனித்து எழுதினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிராமை, குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் இருவரும் ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது குடித்தபோது இருவருக்கும் வருத்தம் வந்தது. ஒருவருக்கொருவர் மறைக்காமல் கதைத்ததால் காரணம் பிடிபட்டது, 1948இல் வெளியிட்டார்கள். மதுவை உடல் முதலில் அசற்றல்டிகைட் என்ற நஞ்சாக மாற்றி, பிறகு அதை உடைக்கிறது. இரண்டாவது படியை டைசல்ஃபிராம் அடைத்துவிடுகிறது. குடியை நிறுத்த உதவும் மருந்தாக அது இன்றைக்கும் இருக்கிறது.

மெட்ரோனிடசோலும் இப்படித்தான் செய்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. எல்லோருக்கும் நடப்பதுமில்லை. ஆனால் குளிசை முடிந்து 48 மணித்தியாலம் வரையாவது குடிக்க வேண்டாம் என்பதுதான் வழமையான எச்சரிக்கை. எங்கட நண்பனின் கைக்கு அது வந்து சேரவில்லை.

இரண்டாவது கதை எங்கட வயசுக்காரி ஒருத்தியுடையது. 1975இல் நியூ ஜேர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண், சில நாட்களாக ஒழுங்காகச் சாப்பிடாமல், ஒரு பார்ட்டியில் மதுவும் அமைதிப்படுத்தும் குளிசையும் எடுத்தாள். மயங்கினாள், மூச்சு நின்றது. பிறகு நினைவு திரும்பவேயில்லை. 1985இல் இறந்தாள். மதுவும் மூளையை மந்தமாக்கும், தூக்க மருந்தும் மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் மூச்சே மறந்துபோகலாம். தடிமனுக்கு நாங்கள் போடும் பிரிட்டோன் அந்தளவு வலுவானதல்ல. ஆனாலும் குடித்துவிட்டு அதைப் போட்டால் தூக்கம் இரட்டிப்பாகும். அந்த நிலையில் காலி வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது பரசிற்றமோல். 1993இல் அன்ரோனியோ பெனெடி என்ற அமெரிக்கர் காய்ச்சலுக்குச் சில நாட்கள் ரைலனோல் எடுத்தார். இரவுச் சாப்பாட்டோடு வைன் குடிப்பது அவர் வழக்கம். கல்லீரல் செயலிழந்து, மாற்றுக் கல்லீரல் வைத்தே பிழைத்தார். குடிப்பழக்கத்தை ஒளிக்காமல் நீதிமன்றம் போனார். 1994இல் நடுவர் குழு 80 இலட்சம் டொலருக்கு மேல் வழங்கச் சொன்னது. 1998இல் அமெரிக்க அரசு, வலிநிவாரணிப் பெட்டிகளில் மது பற்றிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. பார்ட்டி முடிந்து ஒருநாள் போடும் ரெண்டு பனடோலால் ஆரோக்கியமான ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நாளாந்தம் குடிக்கிறவருக்கும், சாப்பிடாமல் கிடக்கிறவருக்கும், ஒரு நாளில் 4 கிராமை, அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டைத் தாண்டுகிறவருக்கும்தான் ஆபத்து. தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது என்பதை மறந்தால் எட்டைத் தாண்டுவது லேசு.

இதைத்தான் பேராசிரியர் சேனக பிபிலே வேறொரு பக்கத்தால் சொன்னார். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் எழுதுங்கள் என்றார். அவருடைய யோசனையில்தான் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. சொந்தப் பெயர் தெரிந்தால்தான் ஒரே மருந்தை ரெண்டு பெயரில் விழுங்குவது தெரியவரும். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் சொல்லாத மருத்துவம் அரைகுறை என்று அவர் செய்துகாட்டியதாகவே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இவ்வளவுக்கும் பிறகும் எங்கட கையில் கிடைப்பது ஒரு கிறுக்கல் உறை.

பிழை உறையில் மட்டும் இல்லை. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பாமசிக்குப் போனால், பின்னால் நிற்கிறவர் அம்மாவோடு கோயிலுக்குப் போகிற அன்ரியாக இருக்கலாம். அவர் முன்னால் "நான் குடிக்கிறனான்" எண்டு எப்படிச் சொல்லுறது? எங்கட வீடுகளில் குடி இருக்கிறது, குடியைப் பற்றிய கதைதான் இல்லை. ஆனால் மேலே சொன்ன கதைகளில், டென்மார்க்கிலும் சரி அமெரிக்க நீதிமன்றத்திலும் சரி, உண்மை வெளியே வந்தது யாரோ ஒருவர் குடித்ததை ஒளிக்காமல் சொன்னதால்தான்.

அதனால் நாங்கள் இப்ப ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தனியாகச் சொல்ல வெட்கப்படுகிறவனோடு இன்னொருத்தர் கூடப்போவது. குரலைத் தாழ்த்தியாவது கேட்பது: "நேற்று குடிச்சவர், இதைப் போடலாமோ?" போன மாதம் அதே நண்பன் தானே கேட்டான். பாமசிக்காரர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.