ஒற்றியூர் வர்ணங்கள்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் திருவொற்றியூர் என்றதும் சங்கீதம் ஞாபகத்துக்கு வராது. ஆனால் இன்றைக்கும் பாட்டு கற்கும் பிள்ளைகள் குரலைப் பழக்கப் பாடும் வர்ணங்களில் சில, இந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒருவர் செய்தவை.

முதலில் தகப்பனார். வீணை குப்பய்யர் (1798–1860) தியாகராஜ சுவாமிகளின் நேர் சீடர். வீணை, வாய்ப்பாட்டு இரண்டிலும் தேர்ந்தவர். நாராயணகௌள ராகத்தில் அவருக்கு இருந்த கைதேர்ச்சியால் ‘நாராயணகௌள குப்பய்யர்’ என்றும் சொல்வார்கள். சுவாமிகள் பட்டணத்துக்கு வந்தபோது ஒற்றியூருக்கும் வந்து வடிவுடையம்மன் பேரில் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். குருநாதரின் பெயரையே குப்பய்யர் தம் மகனுக்கு வைத்தார். ஒற்றியூர்க் கோயில் சுவாமிக்கும் அதே பெயர்தான். அந்த மகன்தான் திருவொற்றியூர் தியாகய்யர் (1845–1917). தகப்பனார் காலமானபோது அவருக்கு வயது 15.

இருவருமே வர்ணம் செய்வதில் கெட்டிக்காரர்கள். வர்ணம் என்பது குரலுக்கு தேகப்பயிற்சி மாதிரி. சரளி வரிசையில் சுரம் நிலைக்கும். ஜண்டை வரிசையில் ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்து, இரண்டாவதில் அழுத்தம் கொடுக்கும்போது குரலுக்கு வலு ஏறும். தாட்டு வரிசையில் சுரங்களைத் தாண்டித் தாண்டிப் போவதால் வளையும் தன்மை வரும். இவ்வளவும் சேர்ந்து ஒரு ராகத்துக்குள் இறங்குவது வர்ணத்தில்தான். முதல் காலத்தில் ஓர் எழுத்தை நீட்டிப் பாட மூச்சு பிடிக்க வேண்டும்; அதையே இரண்டாம் காலத்தில் பாடும்போது கமகம் சிதறாமல் குரல் ஓட வேண்டும். மெதுவாகப் பாடுவதுதான் கஷ்டம் என்பது என் அபிப்பிராயம். வேகத்தில் பல குறைகள் மறைந்துவிடும்.

தியாகய்யரின் சஹானா வர்ணமான ‘கருணிம்ப’வை எடுத்துக்கொள்ளுங்கள். சஹானா நேராக ஏறி நேராக இறங்கும் ராகமல்ல, வளைந்து வளைந்து போவது. பலம் மட்டும் உள்ள குரல் அங்கே முட்டிக்கொள்ளும். அவருடைய தர்பார் வர்ணம் ‘சலமேல’ வேறு விதமான சோதனை. காந்தாரத்தை அசைத்து நிறுத்திப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் தவறினால் நாயகி வாடை அடித்துவிடும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் ‘வொக்கலீஸ்’ என்றொரு சொல் உண்டு. வார்த்தை இல்லாமல் உயிரெழுத்தை மட்டும் வைத்துப் பாடும் பயிற்சி. நம்முடைய அகார சாதகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்று வைத்துக்கொள்ளலாம். குப்பய்யரின் கடைசிக் காலத்தில், 1855ல், மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் காட்டி, பாடும்போது குரல்நாண் அசைவதைத் தாமே பார்த்த விவரத்தை லண்டன் ராயல் சொஸைட்டிக்குத் தெரிவித்தார். அங்கெல்லாம் பயிற்சிப் பாட்டு பெரும்பாலும் வகுப்போடு நின்றுவிடும். நம் வர்ணமோ பயிற்சியாகவும் இருந்துகொண்டு கச்சேரி மேடையில் முதல் உருப்படியாகவும் உட்கார்ந்துவிட்டது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பிரபலமாக்கிய கச்சேரி பாணியில் அதற்கு அந்த இடம் உறுதியானது. பாடகரின் தொண்டை பதமாக அதைவிட நல்ல வழி கிடையாது.

எழுதி அச்சில் ஏற்றாத எத்தனையோ வித்வான்களின் உருப்படிகள் அவர்களோடு போய்விட்டன. தியாகய்யர் அப்படி விடவில்லை. தகப்பனார் செய்ததையும் தாம் செய்ததையும் சேர்த்து, ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்ற புத்தகமாக 1900ல் அச்சிட்டுவிட்டார்.