கார்த்திகை, மார்கழிக் கடலும் புயல் எச்சரிக்கையின் வரலாறும்

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, சபைகளின் தொண்டு, கொடையாளர் பெயர்கள் ஆகியவை இடம்பெறுவது மரபு. அவற்றை எழுத இம்மலரில் வேறு அன்பர்கள் உளர். ஆனால் கடற்கரைப் பங்கு ஒன்றின் வரலாற்றில் கடலுக்கும் காற்றுக்கும் தனி அதிகாரம் ஒன்று உண்டு. உடல் கிடைக்காமலே இறந்தோருக்காகப் பூசை வைக்கும் துயரத்தைக் கடற்கரை மக்கள் அறிவார்கள். அத்துயரம் மிகுதியாக நேர்ந்த காலம் எது, அதை முன்னறிந்து சொல்ல மனிதன் எவ்வாறு கற்றான், கற்ற பின்னும் ஏன் உயிர்கள் போயின என்பவற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்காலம் நமக்கு எத்தகையது?

மேனாடுகளில் குளிர்காலம் என்றால் பனிப்பொழிவும் உறைபனியும். நம் தமிழ்க் கரையோ ஆண்டு முழுவதும் வெப்பமானது. இங்கே குளிர்காலம் வாடைக்காற்றாகவும் பெருமழையாகவும் சில ஆண்டுகளில் புயலாகவும் வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழையே தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. ஏரி நிரம்புவதும் நெல் விளைவதும் இம்மழையால்தான். ஆகவே, நமக்குச் சோறு தரும் காலமும் நம்மை அச்சுறுத்தும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதற்குக் காரணம் என்ன? கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 26 அல்லது 27 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் புயல் உருவாக முடியும். ஐப்பசி, கார்த்திகையில் நிலம் குளிரத் தொடங்கினாலும் வங்கக் கடல் தன் வெப்பத்தை எளிதில் இழப்பதில்லை. அவ்வெப்பத்திலிருந்து எழும் ஈரக்காற்று மேலே செல்ல, கீழே காற்றழுத்தம் குறைகிறது. சுற்றிலுமுள்ள காற்று அவ்விடம் நோக்கிப் பாய்கிறது. பூமியின் சுழற்சியினால் அது நேராகச் செல்லாமல் இடஞ்சுழியாகச் சுழல்கிறது. இதுவே புயல். வங்கக் கடலில் ஆண்டுக்கு இரு புயற்காலங்கள் உண்டு. ஒன்று சித்திரை, வைகாசியை ஒட்டியது. மற்றது பருவமழையோடு வருவது. தமிழகக் கரையைப் பெரும்பாலும் தாக்குவது இரண்டாவதாகும்.

கருவிகள் இல்லாக் காலம்

வானிலை நிலையங்கள் தோன்றுவதற்கு முன்னரே நம் முன்னோர் காற்றை அறிந்திருந்தனர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோளகம் என்று கடல் தொழிலாளர் பெயரிட்டு வழங்கினர். காற்றே இல்லாத நாளில் நீண்ட பேரலைகள் கரையில் வந்து மோதினால், தொலைவில் எங்கோ கடல் கலங்கியிருக்கிறது என்று பெரியவர்கள் அறிந்தனர். செவ்வானம் கண்டு நாளைய நிலையைக் கூறும் வழக்கத்தை நற்செய்தியில் ஆண்டவரே எடுத்துக்காட்டாகக் கூறியிருப்பதை நாம் அறிவோம்.

ஆயினும் இவ்வறிவுக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரிவதையே அது கூறும். அடிவானத்துக்கு அப்பால் ஐந்நூறு மைலில் சுழல்வதை எந்தப் பெரியவராலும் பார்க்க முடியாது. அதற்கு, பல ஊர்களில் ஒரே நேரத்தில் காற்றழுத்தத்தை அளந்து, அளவுகளை ஓரிடத்தில் ஒன்று சேர்க்கும் ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாட்டின் வரலாறே புயல் எச்சரிக்கையின் வரலாறு.

அறிவியலும் சில துறவியரும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாய்வுக் கூடம் 1792-இல் எழுந்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், வங்கக் கடல் புயல்களைப் பற்றிய கப்பல் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரைப் படைத்தவர் அவரே. 1848-இல் அவர் வெளியிட்ட மாலுமிகளுக்கான கையேடு அப்பெயரை உலகெங்கும் பரப்பியது. நம் ‘புயல்’ என்ற சொல்லோ பழந்தமிழில் மேகத்தையும் மழையையுமே குறித்தது. பிற்காலத்தில்தான் அது கொடுங்காற்றின் பெயராயிற்று.

1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1865-இல், கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தோன்றியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. ஆயிரமாயிரம் பேர் மடிந்த பிறகே ஓர் ஏற்பாடு வருகிறது என்ற கசப்பான உண்மையை இவ்வரலாறு முழுவதும் காண்கிறோம்.

இவ்விடத்தில் இயேசு சபைத் துறவியர் சிலரையும் நன்றியோடு நினைவுகூர வேண்டும். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய பெல்ஜியம் நாட்டுக் குரு லாஃபோன், கல்லூரி மாடியில் தாமே அமைத்த எளிய கருவிகளைக் கொண்டு நாள்தோறும் அளவெடுத்து, 1867 நவம்பரில் வரவிருந்த புயலை முன்னறிந்து அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். கியூபா நாட்டின் ஹவானாவில் பெனித்தோ வின்யேஸ் அடிகள் 1875 செப்டம்பரில் புயல் அறிவிப்பைச் செய்தித்தாள்களில் வெளியிட்டார். பிலிப்பைன்சு நாட்டின் மணிலாவில் ஃபவுரா அடிகள் 1879-இல் அவ்வாறே செய்தார். இம்மூவரும் புயலை முன்னறிந்ததோடு நில்லாமல், அறிந்ததை மக்களிடம் கொண்டு சேர்த்தார்கள். அதுவே அவர்களுடைய பெருமை.

கூண்டும் விளக்கும்

நம் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் பற்றிப் பலருக்கு ஐயம் உண்டு. பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவர். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளை ஏற்றுவர். 1, 2-ஆம் எண்கள் தொலைக்கடலில் உள்ள நிலையையும், 3, 4-ஆம் எண்கள் துறைமுகத்தை நெருங்கும் நிலையையும் காட்டுகின்றன. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 10 என்றால் கடும்புயல் துறைமுகத்தின் வழியாகவோ அருகிலோ கடக்கும் என்று பொருள். 11-ஆம் எண்ணோ, எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதைக் காட்டுவது. புயலின் உச்ச நிலைக்கு அடுத்த எண்ணாகச் செய்தி அறுந்து போவதை வைத்தவர்கள், அது எத்துணைக் கொடியது என்பதை நன்கு உணர்ந்திருக்க வேண்டும்.

தனுஷ்கோடி, 1964

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது முதல் தனுஷ்கோடி சிறந்து விளங்கிய ஊர். புகைவண்டியில் வந்தவர்கள் அங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். சுங்க நிலையம், அஞ்சல் நிலையம், கோயில், நம் கத்தோலிக்க ஆலயம் எல்லாம் அங்கிருந்தன.

1964 டிசம்பர் 17-ஆம் நாளளவில் தென் அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வு நிலை, கடும்புயலாக வளர்ந்து, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடியை எட்டும் தறுவாயில் கடல் அதை விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக மாண்டவர்கள் ஏறத்தாழ 1,800 பேர் எனக் கூறப்படுகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாட்கள் இருக்கையில் இது நேர்ந்தது. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்துவிட்டனர். தனுஷ்கோடியை மீண்டும் எழுப்ப இயலவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. ஆலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையின்றி மணலில் நின்றன.

கடலில் புயல் இருப்பது அந்நாளில் வானிலையாளருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்த செய்தி அந்த வண்டியை நிறுத்தவில்லை. அந்தத் தீவு முனையில் உறங்கியவர்களை எழுப்பவில்லை.

செயற்கைக்கோள் காலம்

1960 ஏப்ரலில் முதல் வானிலைச் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. 1970-களில் நம் கிழக்குக் கரையில் புயலைக் கண்டறியும் ராடார்கள் அமைந்தன. 1983-இல் இன்சாட்-1பி வந்தபின் நம் நாட்டுக் கோளே நம் கடலைப் பார்க்கத் தொடங்கியது. அதற்கு முன் 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தருகே கரையேறிய புயல் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஒரே வாரத்தில், நவம்பர் 19-இல், ஆந்திரத்தின் திவி சீமையைத் தாக்கிய புயலின் கடற்பெருக்கில் பதினாயிரம் பேர் மாண்டனர். புயலில் மிகுதியான உயிர்களைக் கொள்வது காற்றைவிடக் கடற்பெருக்கே என்பதை அவ்வாரம் நாட்டுக்கு உணர்த்திற்று.

1999 அக்டோபரில் ஒரிசாவில் மீண்டும் ஏறத்தாழப் பதினாயிரம் உயிர்கள் போயின. அதன்பின், மூன்று நாட்களுக்கு முன்னரே விழிப்பூட்டும் முறை சேர்க்கப்பட்டு, எச்சரிக்கை நான்கு படிகளாக அமைந்தது. பயன் என்ன? அதே மாநிலத்தில் 2013 அக்டோபரில் பைலின் புயல் தாக்கியபோது ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னரே அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தவர் தொகை ஐம்பதை எட்டவில்லை. பதினான்கு ஆண்டுகளில் காற்று இரக்கம் கொண்டுவிடவில்லை. செய்தி வீடு வீடாகச் சென்று சேர்ந்தது. மக்கள் அதை நம்பி எழுந்து நடந்தார்கள்.

ஒக்கி தந்த பாடம்

இத்தனைக்கும் பிறகு 2017 நவம்பர் 30 வந்தது. கோட்டாறு தூய சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி நவம்பர் 29-இல் உருவான தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாகி, கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்து சென்றது. ஒக்கி என்பது வங்காளதேசம் சூட்டிய பெயர். கண் என்பது பொருள். தமிழக, கேரள மீனவர் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள ஊர்களில் அழுகுரல் கேளாத தெரு இல்லை.

எங்கே குறை? நான்கு படி எச்சரிக்கை என்பது தொலைவில் பிறந்து பல நாள் நடந்துவரும் புயலுக்கு ஏற்றது. ஒக்கியோ கரைக்கு அருகிலேயே பிறந்து, விரைவில் வலுத்தது. மேலும், ஆழ்கடல் மீன்பிடிப்போர் பல நாட்களுக்கு முன்னரே வெகுதொலைவு சென்றிருந்தனர். கைப்பேசி கரையிலிருந்து சில மைல் வரைதான் எட்டும். படகிலுள்ள வானொலிக் கருவியும் அத்தொலைவுக்குப் போதாது. “கடலுக்குச் செல்ல வேண்டாம்” என்ற அறிவிப்பு, ஏற்கெனவே கடலில் இருப்பவனுக்கு என்ன பயன் தரும்? அந்நாட்களில் யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற முழுக் கணக்கும் எவரிடமும் இல்லை.

அதன்பின் செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்கே செய்தி அனுப்பும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019-இல் வெளியிடப்பட்டது. 2018 நவம்பர் 16-இல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறுமுன் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். தென்னைகள் வீழ்ந்தன, குடிசைகள் அழிந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. ஆனால் தனுஷ்கோடி போன்ற பேரழிவு நேரவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

இவ்வரலாற்றைக் கற்றதன் பயனாகச் சில செயல்களை நம் பங்கு மக்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகும், அதில் செல்வோர் பெயரும், புறப்பட்ட நாளும் ஓர் ஏட்டில் பதியப்படல் வேண்டும். திருமுழுக்குப் பதிவேட்டைப் பேணும் கவனத்தோடு இதையும் பேணலாம். ஐப்பசி முதல் தை வரை இது தவறக்கூடாது.

இரண்டாவது, எச்சரிக்கை வந்த உடனே ஆலய ஒலிபெருக்கி வழியாக அதை அறிவிக்க இளைஞர் இருவர் பொறுப்பேற்க வேண்டும். வதந்திக்கு இடம் தராமல், வானிலை நிலையம் கூறியதை மட்டும் அப்படியே வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, புயலின் நடுவே காற்று திடீரென அடங்கினால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணி வெளியே வரலாகாது. அது புயலின் கண். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று சீறும்.

நான்காவது, வீசும் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கம் இருக்கும் என்ற விதியை ஒவ்வொரு மீனவச் சிறுவனும் கற்க வேண்டும். கருவி பழுதானாலும் எப்பக்கம் விலகுவது என்பதற்கு இது துணை செய்யும்.

இறுதியாக ஒன்று. பத்து முறை எச்சரிக்கை வந்து புயல் வராமற் போனால், பதினோராம் முறை கேலி செய்யத் தோன்றும். ஒரு நாள் தொழில் இழப்பு ஏழை வீட்டுக்குச் சிறிய இழப்பன்று. அதை நான் அறிவேன். ஆயினும் இழந்த ஒரு நாளை மறுநாள் ஈட்டலாம். வாடைக்காலத்தில் கட்டுமரம் கரையில் கிடந்தது என்பதற்காக எந்தப் பிள்ளையும் தந்தையை இழந்ததில்லை. கடவுள் தந்த அறிவைக் கொண்டு மனிதர் அனுப்பும் செய்திக்குச் செவிகொடுப்பதும் அவரது பராமரிப்பை ஏற்றுக்கொள்வதேயாம். கடலுக்குச் சென்ற அனைவரும் நலமே கரை சேர விண்மீனாம் அன்னை மரியா வழிகாட்டுவாராக.