பெண்ணைக் கரையும் துயர் தீர்க்கும் ஆடலும்

தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலைப் பெருமான் மணலூர்பேட்டைத் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கொண்டருளுவதை அன்பர்கள் நன்கு அறிவர். சுற்றுப்புறத்து ஊர்த் தெய்வங்களும் அன்று ஆற்று மணலுக்கு எழுந்தருளும். இந்நாட்டுத் திருவிழாக்களில் பம்பையும் உடுக்கையும் முழங்கக் கேட்டு, நெஞ்சிற் பெருந்துயர் சுமந்த பெண்டிர் தம்மை மறந்து ஆடுதலும், ஆடி ஓய்ந்தபின் வாய்விட்டு அழுது, முகங்கழுவி, பிள்ளைகளைக் கைப்பற்றிக்கொண்டு வீடு திரும்புதலும் நாம் காணாதன அல்ல. மடத்திற் பாடங்கேட்ட இளமையில் இதனை வெறும் மருள் என்று ஒதுக்கியவன் யான். இப்போது அங்ஙனம் ஒதுக்க மனம் ஒருப்படவில்லை.

ஆடலால் மனநோய் தீரும் என்னும் எண்ணம் தமிழகத்தில் மிகப் பழையது. சங்க நூல்கள் கூறும் வெறியாட்டு அதற்குச் சான்று. மகள் மெலிந்தாள், வளை கழன்றது, உணவு செல்லவில்லை. தாய் அஞ்சிக் கட்டுவிச்சியை அழைத்துக் கட்டுப் பார்க்கின்றாள், கழங்கிட்டு நோக்குகின்றாள். முருகனால் வந்த அணங்கு என்று தேர்ந்து வேலனை வருவிக்கின்றாள். அவன் கடம்பு சூடி, வேலேந்தி, மறியறுத்துப் பலியிட்டு ஆடுகின்றான். ஆயின் நோய் தீர்ந்ததா? இல்லை. அவள் நோய் காதல் நோய். நற்றிணைப் பாட்டொன்றில் தோழி, உண்மை அறிந்தும் வேலன் அழைக்க வந்த முருகனையே அறியாமை உடையவன் என்று நகைக்கின்றாள்! நம் புலவர்கள் சடங்கினைக் கண்மூடிப் போற்றினார் அல்லர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அங்கே துயருற்றவள் ஒருத்தி, ஆடியவன் வேறொருவன். அவள் வாய் திறக்கவும் இல்லை, கால் பெயர்க்கவும் இல்லை.

இதனோடு சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை ஒப்பு நோக்குக. கோவலன் சிலம்பு விற்க மதுரையினுட் சென்றுள்ளான். ஆயர்பாடியில் குடப்பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் சோர்கின்றது. காரணம் தெரியாத அச்சம் பாடி முழுதும் பரவுகின்றது. அப்போது மாதரி செய்தது யாது? வேலனை அழைத்தாள் இல்லை. கறவையும் கன்றும் துயர் நீங்கும்பொருட்டுக் கண்ணகி காண நாமே குரவை ஆடுவோம் என்றாள். எழுவர் மகளிரை நிறுத்தி, குரல் முதல் தாரம் ஈறாக ஏழிசையின் பெயர்களையே அவர்க்கு இட்டாள். அவர் வட்டமாய் நின்று கைகோத்து ஆடினர். அச்சம் ஏழு கைகளிற் பகுக்கப்பட்டது எனலாம். கோவலன் உயிரை அக்குரவை காக்கவில்லை. ஆடல் முடிந்து மாதரி வையையில் நீராடச் சென்றபின் கொலைச்செய்தி வருகின்றது. அடுத்த காதையின் பெயரே துன்பமாலை. விதியை மாற்றும் ஆற்றல் குரவைக்கு இருந்ததென அடிகள் எங்கும் கூறவில்லை. நடுங்கிய நெஞ்சங்கள் அந்த ஒரு பொழுதேனும் ஓரிடத்து ஒன்றி நின்றன, அவ்வளவே.

இனிச் சைவத்தின் கண் நோக்குவாம். பெண்ணைக் கரைத் திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்ட தேவரின் மாணவர், திருவதிகை மனவாசகங்கடந்தார். அவர் அருளிய உண்மை விளக்கம் கூத்தப்பெருமானின் துடி, அமைத்த கை, தீ, ஊன்றிய அடி, தூக்கிய அடி என்னும் ஐந்திலும் ஐந்தொழிலைக் காட்டும். அதனினும் வியப்புடையது பிறிதொன்று. மாயையை உதறுதல், வினையைச் சுடுதல், மலத்தை அமுக்குதல், உயிரை எடுத்தல், இன்பக் கடலில் அழுத்துதல் என்று உயிர்க்கு நிகழும் விடுதலையையும் அந்நூல் உடலசைவுகளாகவே உரைக்கின்றது. தத்துவக் கூத்தையும் ஊர்க் கூத்தையும் ஒருங்கு வைத்துப் பேசினால் எம் ஆசிரியர் முனிந்திருப்பர். பிழையாயின் பெரியோர் பொறுக்க.

மேனாட்டார் இதனை மருத்துவமாகவே வகுத்துள்ளனர். அமெரிக்க நாட்டு நடனமாது மரியன் சேஸ் என்பார் 1942இல் வாஷிங்டன் நகரத்துச் செயின்ட் எலிசபெத்ஸ் மனநோய் மருத்துவமனையில் பணி தொடங்கினார். பேச்சற்றுக் கிடந்தோர்க்கு அவர் அடவு கற்பித்தாரல்லர். நோயாளி கையை அசைத்தால் தாமும் அவ்வாறே அசைத்து, அவ்வசைவையே இருவர்க்கும் மொழியாக்கி, பின்னர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி ஆடுவித்தார். அமெரிக்க நடன மருத்துவக் கழகம் 1966இல் தோன்றியபோது அவரே முதல் தலைவர். வேலன் முறையும் மாதரி முறையும் இருக்க, அவ்வம்மையார் மாதரியின் முறையைக் கண்டடைந்தது என் உள்ளத்தை மிகவும் தொட்டது.

பெண்ணைக் கரையிலேயே ஆற்றப்படாத துயர் ஒன்றும் உண்டு. மகள் மெலிவு கண்டு தாய் தெய்வங்களை வேண்டி வருந்துதலைக் குறிஞ்சிப்பாட்டின் தொடக்கத்திற் பாடியவர் கபிலர். பிறர் நோயை அத்துணை நுட்பமாக அறிந்த அப்பெருமான், நண்பன் பாரி மாய்ந்தபின் தம் நோய்க்கு மருந்து காணவில்லை. அவர் வடக்கிருந்தார் என்பர். திருக்கோவலூர் வீரட்டானத்து இராசராசன் காலக் கல்வெட்டோ தீப்புகுந்தார் என்கின்றது. அவருடன் கைகோத்து நிற்க ஓர் ஆயர்பாடி இல்லை. மணலூர்பேட்டையில் நாம் நீராடும் பெண்ணை, கீழ்த்திசை சென்று, கபிலர் குன்று என வழங்கும் அப்பாறையைத் தழுவியே ஓடுகின்றது.